நாயோடு நல்லர்போர் தாண்டுவது

கேரவன் வாங்கியாயிற்று. எடை மேடையில் ஏற்றிப் பார்த்தாயிற்று. பின்னோக்கி ஓட்டவும் ஓரளவு கை வந்துவிட்டது. இனி நெடும்பயணம். ஆஸ்திரேலியாவில் நெடும்பயணம் என்றதும் எல்லார் வாயிலும் முதலில் வருவது நல்லர்போர் சமவெளிதான். மெல்பர்னிலிருந்து பெர்த்துக்குச் சாலை வழியே ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர். அதில் தெற்கு ஆஸ்திரேலியாவின் செடுனாவிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மன் வரை சுமார் 1,200 கிலோமீட்டர் ஏர் நெடுஞ்சாலை. நடுவில் ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் பெரிதாக இல்லை, ரோட்ஹவுஸ்கள்தான். டீசல், பொரித்த உருளைக்கிழங்கு, ஒரு பார், பின்புறம் கேரவன் நிறுத்த மண்தரை. அவ்வளவுதான் வசதி.

கணவனும் மனைவியும் மட்டும் போவதானால் இது சுலபமான பாதை. முழுக்கத் தார்ச்சாலை, மலை ஏற்றம் கிடையாது. மூன்றே நாளில் தாண்டிப் போய்விடுகிறவர்கள் உண்டு. கூட நாயும் வந்தால் கதை வேறு. எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று எல்லாவற்றையும் அதுதான் தீர்மானிக்கும். இதை வீட்டிலேயே பேசி ஒத்துக்கொண்டு கிளம்புகிற தம்பதிகள் சந்தோஷமாகத் திரும்புகிறார்கள். ‘அதுவும் ஒரு ஓரமாக வரட்டும்’ என்று ஏற்றிக்கொள்கிறவர்கள் முதல் தேசியப் பூங்கா வாசலிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள். எங்களோடு வருவது மணி. கெல்ப்பிக் கலப்பு, எடை இருபது கிலோ. கீழே வரும் கணக்குகள் அந்த இருபது கிலோவுக்கானவை. உங்கள் நாயின் எடைக்கும் வயதுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த மாதம், எந்த நேரம்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வேண்டாம். 2019 டிசம்பர் 19 அன்று நல்லர்போரில் 49.9 டிகிரி பதிவாயிற்று. அன்றைக்கே இதே பாதையிலுள்ள யூக்லாவில் 49.8. மனிதர்களுக்காவது உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதுதான் பெரும்பாலும் வழி. காற்றே கொதிக்கும்போது அதனால் பயனில்லை. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் 30 டிகிரியிலேயே திணறும். அப்படிப்பட்ட நாய் வைத்திருப்பவர்கள் ஜூன், ஜூலை, ஆகஸ்டுக்கு வெளியே இந்தப் பாதையை யோசிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. மற்றவர்களுக்கு ஏப்ரல் பிற்பாதியிலிருந்து அக்டோபர் வரை நல்ல காலம். குளிர்கால இரவுகளில் வெப்பம் பூச்சியத்துக்குப் பக்கத்தில் போகும். நாய்க்குத் தடித்த படுக்கையும், குட்டை முடி நாயானால் ஒரு கோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வழக்கப்படி ‘வெயிலுக்கு முன்னால் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பிவிடலாம்’ என்று தோன்றும். கூடாது. விடியலும் அந்தியும் கங்காருக்களின் நேரம். எமுவும் ஒட்டகமும்கூட வரும். மூன்று டன் கேரவனை இழுத்துக்கொண்டு திடீர் பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். சூரியன் நன்றாக மேலே வந்தபிறகு கிளம்பி, மாலை மூன்று, நான்கு மணிக்குள் நிறுத்திவிடுவதே முறை. அப்படியானால் நாய் பயணம் செய்வது பகல் வெயிலில். எனவே காரின் ஏசி சரியாக வேலை செய்வது சொகுசு அல்ல, கட்டாயம். கிளம்புமுன் அதற்கென்று ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

நாள் ஒன்றுக்கு 300, 400 கிலோமீட்டர் போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி, ஓட்டுநர் இருக்கையை இருவரும் மாற்றிக்கொள்ளலாம். நாயும் கால் நீட்டும். மேற்கே போகும்போது எதிர்காற்று அடித்தால் டீசல் செலவு சட்டென ஏறிவிடும். ரோட்ஹவுஸ்களுக்கு இடையே சில இடங்களில் 180, 190 கிலோமீட்டர் இடைவெளி இருக்கிறது. தொட்டி பாதிக்கு வந்தாலே நிரப்பிவிடுவது நல்லது.

எங்கே உட்காரும்

காரின் பின் இருக்கையில், மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை அணிந்து, சீட் பெல்ட்டோடு இணைத்து. அல்லது பின்பகுதியில் கம்பிக் கூண்டுக்குள், கூண்டைத் தரையோடு கட்டி. கழுத்துப் பட்டையில் கயிறு மாட்டி சீட்டில் கட்டாதீர்கள். பிரேக் அடித்தால் அது தூக்குக்கயிறு.

ஓடும் கேரவனுக்குள் நாயை விடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். உள்ளே மெத்தை, நிழல், இடம் எல்லாம் இருக்கிறதே என்பது வாதம். விடக்கூடாது. இழுத்துச் செல்லப்படும் கேரவனில் மனிதர்கள் பயணம் செய்வதைச் சட்டமே தடுக்கிறது, அதற்குக் காரணம் உண்டு. உள்ளே ஏசி ஓடாது. அலமாரிகள் திறந்து பாத்திரம் கொட்டும். பின்சக்கரத்துக்கு மேலே குலுங்கும் குலுக்கலை முன்னால் இருக்கும் நீங்கள் உணரவே மாட்டீர்கள். நாய்க்கு என்ன ஆயிற்று என்பது அடுத்த நிறுத்தத்தில்தான் தெரியும்.

இன்னொரு விதி, இதில் விலக்கே கிடையாது. கேரவனை மாட்டும்போதும் கழற்றும்போதும் பின்னோக்கி நகர்த்தும்போதும் நாய் காருக்குள் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கில், ஒருவர் பின்னால் கைகாட்டிக்கொண்டு. நாயைப் பார்க்க மூன்றாவது ஆள் இல்லை அல்லவா?

தண்ணீரும் எடையும்

இருபது கிலோ நாய்க்குச் சாதாரண நாளில் ஒரு லிட்டர், ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் போதும். வெயில் நாளில் இரண்டு மடங்கு வையுங்கள். சமவெளியில் மழைநீரும் நிலத்தடி உப்புநீரும்தான். ரோட்ஹவுஸில் குடிநீர் இலவசமாக நிரப்பித் தருவார்கள் என்று எண்ண வேண்டாம். அவர்களுக்கே அது அரிது. செடுனாவில் தொட்டிகளை முழுக்க நிரப்பிவிட வேண்டும். பல கேரவன்களில் 95 லிட்டர் தொட்டி இரண்டு இருக்கும், அதுவே 190 கிலோ. இதோடு பதினைந்து கிலோ நாய்த்தீனி, படுக்கை, கூண்டு எல்லாம் சேர்ந்தால் சின்னக் கேரவனில் அனுமதிக்கப்பட்ட சுமையில் பாதி இங்கேயே போய்விடும். தீனி மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் பின்கோடியில் தள்ளாதீர்கள். அச்சுக்கு மேலே வையுங்கள், பின்பாரம் ஏறினால் கேரவன் ஆட ஆரம்பிக்கும். தீனியின் பிராண்டை வழியில் மாற்றவும் வேண்டாம். வயிறு கெட்ட நாயோடு கேரவனில் ஓர் இரவைக் கழிப்பது எப்படி இருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன்.

1080

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ஆஸ்திரேலியப் பயணம் என்றதும் நம்மவர்கள் பாம்பையும் முதலையையும் நினைத்துப் பயப்படுகிறார்கள். அவை இருக்கின்றன. வடக்கே போனால் எந்த ஆற்றங்கரைக்கும் நாயைக் கூட்டிப் போகாதீர்கள், அங்கே முதலைக்கு நாய் பிடித்தமான இரை. ஆனால் தெற்குப் பாதையில் எனக்கு உண்மையான பயம் தருவது தரையில் கிடக்கும் ஒரு காய்ந்த இறைச்சித் துண்டு.

நரிகளையும் காட்டு நாய்களையும் ஒழிக்க அரசும் பண்ணைக்காரர்களும் 1080 என்ற விஷத்தை இறைச்சியில் ஏற்றிப் போடுகிறார்கள். கையாலும் போடுவார்கள், விமானத்திலிருந்தும் போடுவார்கள். வேதிப்பெயர் சோடியம் ஃபுளோரோஅசிட்டேட். மேற்கு ஆஸ்திரேலியாவில் சில செடிகளிலேயே இந்த நஞ்சு இயற்கையாக உண்டு. அவற்றோடு காலங்காலமாக வாழ்ந்த உள்ளூர் விலங்குகள் பலவற்றுக்கு அதைத் தாங்கும் சக்தி வந்துவிட்டது. வெளியிலிருந்து வந்த நரிக்கும் நாய்க்கும் பூனைக்கும் அது இல்லை. அதனால்தான் இந்த விஷத்தையே தேர்ந்தெடுத்தார்கள். உள்ளூர் சிறு விலங்குகளைக் காப்பாற்ற அது உதவுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும், கோபப்பட்டுப் பயனில்லை. ஆனால் நாய்க்கு மிகச் சிறிய அளவே போதும், மாற்று மருந்தும் கிடையாது.

மழை பெய்தால் விஷம் கரைந்து சிதையும். மழையே இல்லாத நாட்டில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் மட்டும் கவனமாக இருந்தால் போதாது. காக்கை ஒரு துண்டைக் கவ்விப் போய் வேறெங்காவது போட்டுவிடும். விஷம் தின்று செத்த நரியின் உடலைக் கடித்தாலும் ஆபத்துதான். சாலையோரத்தில் அடிபட்டுக் கிடக்கும் கங்காரு பக்கமும் போகவிடாதீர்கள்.

செய்ய வேண்டியது: வண்டியை விட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் குட்டைக் கயிறு, வாயில் கூடை போன்ற வாய்ப்பூட்டு. துணியால் இறுக்கிக் கட்டும் வகை வேண்டாம், அதில் நாய் மூச்சிரைக்க முடியாது. கூடை வகையில் வாய் திறக்கும், தண்ணீரும் குடிக்கும். வாய்க்குக் கீழே உள்ள இடைவெளி வழியே துண்டை நக்கி எடுத்துவிட முடியாதபடி பார்த்து வாங்குங்கள். புறப்படுவதற்குச் சில வாரம் முன்பே வீட்டில் பழக்க வேண்டும். உள்ளே வேர்க்கடலை வெண்ணெய் தடவிக் கொடுத்தால் இரண்டே நாளில் அதுவே மூக்கை நுழைத்துக்கொள்ளும். அந்த வெண்ணெயில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இல்லையென்று லேபிளைப் படியுங்கள், அதுவும் நாய்க்கு நஞ்சு. வாய்ப்பூட்டைப் பார்த்து மற்றவர்கள் ‘கடிக்கிற நாய்’ என்று ஒதுங்கிப் போவார்கள். போகட்டும்.

தின்றுவிட்டால் அரைமணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் அறிகுறி தெரியும். வாந்தி, காரணமில்லாத பதற்றம், குரைத்துக்கொண்டே கண்மண் தெரியாமல் ஓடுதல், பிறகு வலிப்பு. அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. தின்றதைப் பார்த்த அந்த நிமிடமே கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்து, வாந்தி எடுக்க வைக்கலாமா என்று கேட்டு, அவர் சொல்வதைச் செய்ய வேண்டும். செடுனாவுக்கும் நார்ஸ்மனுக்கும் நடுவில் கால்நடை மருத்துவமனை கிடையாது. பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் இறங்க நெடுஞ்சாலையிலேயே ஓடுபாதை வரைந்திருப்பதைப் பார்ப்பீர்கள், அது நமக்கு, நாய்க்கு அல்ல. போர்ட் அகஸ்டா, போர்ட் லிங்கன், கல்கூர்லி, எஸ்பெரன்ஸ் ஆகிய ஊர்களின் கால்நடை மருத்துவமனை எண்களைக் காகிதத்தில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டுங்கள். செல்போன் சிக்னல் இல்லாத நீளமான பகுதிகள் உண்டு. சாட்டிலைட் போனோ ஸ்டார்லிங்க்கோ இல்லாதவர்களுக்கு அடுத்த ரோட்ஹவுஸின் போன்தான் கதி.

ஆளுக்கொரு முறை

ஆஸ்திரேலியாவின் தேசியப் பூங்காக்களில் பெரும்பாலானவற்றில் நாய்க்கு அனுமதி இல்லை. காரை விட்டு இறக்காவிட்டாலும் சில இடங்களில் தவறுதான். ஊலுருவும் கக்கடுவும் இந்தப் பட்டியலில் வரும். நல்லர்போரிலேயே கடலை ஒட்டிய பகுதி தேசியப் பூங்கா. அங்கேதான் புண்டா பாறைச்சுவர் இருக்கிறது. கண்டத்தையே வெட்டி எடுத்ததுபோல 60 மீட்டருக்கும் மேலே நின்று, சட்டென்று கடலில் முடிகிறது. அதற்குக் கிழக்கே ஹெட் ஆஃப் பைட். ஜூன் முதல் அக்டோபர் வரை தெற்கு ரைட் திமிங்கிலங்கள் குட்டி ஈன வரும் இடம். மேலே பாறையில் நின்றே தாயும் குட்டியும் புரள்வதைப் பார்க்கலாம். இரண்டு இடத்துக்கும் நாயைக் கூட்டிப் போகும் எண்ணம் வேண்டாம். பாறை விளிம்பு உட்குடைந்து உதிரக்கூடியது என்பது தனிக் காரணம்.

அப்படியானால்? ஆளுக்கொரு முறை போவதுதான். ‘ஏங்க, நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க, நான் மணியோட இருக்கேன்’ என்று ஒருவர் வண்டியில் உட்கார வேண்டும், ஏசி ஓட. நிழல், திறந்த ஜன்னல், ‘ஐந்தே நிமிஷம்’ என்ற சமாதானத்தோடு நாயைத் தனியாகக் காரில் விட்டுப் போகக்கூடாது. மிதமான வெயிலிலேயே மூடிய கார் சில நிமிடங்களில் அடுப்பாகிவிடும். கேரவனில் ஏசி போட்டுவிட்டுப் போகலாமே என்பார்கள். ரோட்ஹவுஸ் மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து வருவது, எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. கூரை ஏசியைப் பேட்டரியில் ஓட்டினால் சாதாரண அமைப்பு சீக்கிரமே காலியாகும். கேரவனுக்குள் வெப்பத்தை அளந்து செல்போனுக்குச் சொல்லும் கருவிகள் வந்துவிட்டன, அவற்றுக்கும் சிக்னல் வேண்டும்.

இந்த மாறி மாறிப் பார்க்கும் ஏற்பாடு முதலில் கசக்கும். ஊர் விட்டு ஊர் வந்து இருவரும் சேர்ந்து பார்க்கத்தானே கிளம்பினோம்? எங்கள் வீட்டில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் போகிறவர் போட்டோவைக் காட்டக் கூடாது, எங்கே நின்றால் நன்றாகத் தெரியும் என்பதை மட்டும் சொல்லலாம். இரண்டாவது போகிறவருக்குக் காட்சி கெடாது. வண்டியில் இருப்பவருக்கு ஒரு ஃபிளாஸ்க் காப்பி உண்டு. நீண்ட நாள் ஒரே பெட்டியில் வாழும் தம்பதிகளுக்கு ஒரு மணி நேரத் தனிமையும் கெடுதல் இல்லை என்று சொல்லி வைக்கிறேன்.

பூங்காவுக்கு வெளியே இடத்துக்குப் பஞ்சமில்லை. நெடுஞ்சாலை நிறுத்துமிடங்கள், ஊராட்சிகளின் இலவச முகாம்கள், சிறு ஊர்களின் கண்காட்சித் திடல்கள் என்று நாயை ஏற்கும் இடங்கள் நிறைய. விக்கிகேம்ப்ஸ் செயலியில் நாய்க்கு அனுமதி உள்ள இடங்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். கேரவன் பார்க்குகளுக்கு முன்கூட்டியே போன் செய்துவிடுங்கள். ஈஸ்டரிலும் பள்ளி விடுமுறையிலும் நாய்களை மறுக்கும் பார்க்குகள் உண்டு.

எல்லைச் சாவடி

மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும் பார்டர் வில்லேஜில் தாவரத் தடுப்புச் சோதனை உண்டு. கேரவனுக்குள் ஏறி குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். பழம், பச்சைக் காய்கறி, தேன், செடி, விதை எதுவும் உள்ளே போகாது. நம் வீட்டுக் கணக்கில் சொன்னால் கறிவேப்பிலை, பச்சை மிளகாய், எலுமிச்சை, இஞ்சி எல்லாம் தொட்டியில் போய்விடும். முந்தின இரவே மொத்தத்தையும் போட்டுச் சமைத்துவிடுவது புத்திசாலித்தனம். நாய்க்கென்று வைத்த கேரட்டும் இதே விதிக்குள் வரும். படுக்கையில் ஒட்டிய புல்விதையையும் பாதத்தில் ஒட்டிய மண்ணையும் முன்பே தட்டி எடுத்துவிடுங்கள். திரும்பி வரும்போது சோதனை எல்லையில் இல்லை, உள்ளே தள்ளி செடுனாவில். இடையில் வாங்கியதை மறந்துவிடாதீர்கள்.

சமைத்துத் தீர்க்கும் அந்த இரவில் மிச்சத்தை நாய்த்தட்டில் போடும் ஆசை வரும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வெந்தாலும் அப்படித்தான். சாம்பார் சாதம், குழம்பில் கிடந்த எலும்பு வேண்டாம். பாயசத்தில் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெறும் தயிர்சாதம், தாளிக்காமல், கொஞ்சம் தரலாம்.

சமவெளியின் நடுவில்

எல்லையைத் தாண்டினால் யூக்லா, முந்த்ரபில்லா, மதுரா, காக்கிள்பிடி, கைகுனா, பல்லடோனியா. மதுரா என்ற பெயர்ப் பலகையில் நின்று படம் எடுக்காமல் நம்மவர்கள் நகர மாட்டார்கள். 1876 வாக்கில் பிரிட்டிஷ் இந்தியப் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய பண்ணை அது. கைகுனாவிலிருந்து பல்லடோனியா பக்கமாக 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத நேர்சாலை. ஓட்டுநருக்குத் தூக்கம் வரும் இடம், இங்கே ஆள் மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

யூஎச்எஃப் ரேடியோவை 40ஆம் அலைவரிசையில் வைத்திருங்கள், லாரிக்காரர்கள் பேசுவது அதில்தான். கேரவன்காரர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வது 18. எதிரே ரோட் ட்ரெயின் என்னும் நெடும் லாரி கடந்தால் காற்று கேரவனைத் தள்ளும், பிறகு இழுக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பாமல் நேராகப் பிடியுங்கள். செத்த கங்காருவின் மேல் ஆப்புவால் கழுகு உட்கார்ந்திருந்தால் வேகத்தைக் குறையுங்கள், அந்தப் பெரிய பறவைக்கு எழும்ப நேரமாகும்.

நேரக் குழப்பமும் இங்கேதான். கோடைக்கால நேர மாற்றம் இல்லாத மாதங்களில் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கும் மேற்குக்கும் ஒன்றரை மணி வித்தியாசம். யூக்லாவைச் சுற்றியுள்ள சில ரோட்ஹவுஸ்கள் இரண்டுக்கும் நடுவே முக்கால் மணி என்று தங்களுக்கென ஒரு நேரம் வைத்திருக்கின்றன. சமையலறை எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்கும்போது ‘எந்த நேரப்படி’ என்றும் கேளுங்கள். நாய் எதையும் மாற்றிக்கொள்ளாது, பழைய நேரத்துக்கே எழுப்பிவிடும். நாளுக்கு அரை மணி வீதம் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தால் வழிக்கு வரும்.

இரவில் நாய் கேரவனுக்கு உள்ளே தூங்க வேண்டும். வெளியே கட்டிப்போட்டால் டிங்கோ வரலாம், அது வராவிட்டாலும் வாசனைக்கே குரைத்துப் பக்கத்து வண்டிக்காரர்களை எழுப்பிவிடும். படுக்குமுன் கால்விரல் இடுக்கு, காது, அக்குள் ஆகிய இடங்களை டார்ச் வைத்துப் பாருங்கள். புல்விதை தோலுக்குள் துளைத்துப் போகும், முள்விதை பாதத்தில் நிற்கும். உண்ணி மருந்தைத் தேதி தவறாமல் கொடுத்து வாருங்கள். பெர்த்தோடு நிற்காமல் வடக்கே கிம்பர்லி வரை ஏறுவதாக இருந்தால் இது இன்னும் முக்கியம். பழுப்பு நாய் உண்ணி பரப்பும் எர்லிக்கியா நோய் 2020இல் அங்கே கண்டறியப்பட்டு, பிறகு வடக்குப் பகுதி எங்கும் பரவியிருக்கிறது. வடக்கே இதயப்புழுத் தடுப்பும் தேவை.

நார்ஸ்மனில் சாலை பிரிகிறது. வடக்கே திரும்பினால் கூல்கார்டி வழியாகப் பெர்த்துக்கு சுமார் 725 கிலோமீட்டர். தெற்கே 200 கிலோமீட்டரில் எஸ்பெரன்ஸ். நாயோடு வந்தவர்களுக்கு நான் சொல்வது தெற்கு. புகழ்பெற்ற லக்கி பே, கேப் லெ கிராண்ட் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் அங்கே அனுமதி இல்லை, மறுபடியும் ஆளுக்கொரு முறைதான். ஆனால் ஊரைச் சுற்றியுள்ள வேறு சில கடற்கரைகளில் நாயை அவிழ்த்து விடலாம். எந்தக் கடற்கரை, எந்தப் பக்கம் என்று ஷயர் எனப்படும் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாய்ப்பூட்டைக் கழற்றுமுன் அந்தப் பகுதியில் விஷ இறைச்சி போட்டிருக்கிறார்களா என்பதையும் அங்கேயே விசாரித்துவிடலாம்.